மயக்கத்தில் கிடக்கும் விலங்கின் அருகில் நிற்பவர் எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும்?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அறுவை சிகிச்சையின்போது மயக்கத்தில் இருக்கும் நாய், பூனைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் விடப்பட்டிருக்கிறது. மானிட்டரில் ஓடும் ஐந்தாறு எண்களில் எது எவ்வளவுக்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்கிறார். கடைசி வரியில், ஏதோ போகிற போக்கில் சொல்வதுபோல, இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்: ஒரு முறை அவர் பதறிக் கூப்பிட்டபோது நாக்கில் மாட்டியிருந்த கிளிப் நழுவியதுதான் காரணம் என்று தெரிந்து டாக்டர் சலித்துக்கொண்டாராம், அதிலிருந்து கூப்பிடவே தயக்கமாக இருக்கிறதாம். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. எண்களின் பட்டியலை யாரும் அரை மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஓர் எண் மாறும்போது அது விலங்கின் மாற்றமா கருவியின் கோளாறா என்று பிரித்தறிந்து, வாய் திறந்து சொல்வதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாய், பூனைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவரும் கால்நடை மருத்துவர். மயக்கவியலில் தனிப்பட்டம் பெற்றதில்லை. குதிரை, மாடு, காட்டு விலங்குகள் பற்றி நான் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே எழுதுவது முழுவதும் நாய்க்கும் பூனைக்கும் உரியது. பிரிட்டனில் இந்த வேலைக்கென்றே படித்து, பதிவு பெற்று வரும் கால்நடைச் செவிலியர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் அதே இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் வேலையின் நடுவே கற்றுக்கொண்ட உதவியாளர்தான். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே: அறுவை செய்பவரின் கண் வெட்டுவாயில் இருக்கும்போது விலங்கின் மற்ற பகுதி முழுவதும் உங்கள் கண்ணில் இருக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு என்பதால் அளவுகளைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

இந்தக் கவனிப்பு உண்மையிலேயே உயிர் காக்கிறதா என்று கேட்டால், ஓரளவு உறுதியான விடை உண்டு. 2002 முதல் 2004 வரை பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2008-இல் வெளியானது. மயக்க மருந்தோ தணிப்பு மருந்தோ காரணமாக இறந்தவை நாய்களில் சுமார் 600-க்கு 1, பூனைகளில் சுமார் 420-க்கு 1 என்று அது கணக்கிட்டது. நோயற்ற விலங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த எண்ணிக்கை மிகவும் குறைவு. நோயுற்றவற்றில் பல மடங்கு அதிகம். நாடித் துடிப்பையும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும், நாக்கில் கிளிப்பாக மாட்டும் கருவி) கவனித்து வந்த பூனைகளில் இறப்பு குறைவாக இருந்தது என்பதும் அதில் தெரிந்தது. கவனித்ததனால்தான் குறைந்ததா, கவனமாக இருக்கும் இடங்களில் மற்ற எல்லாமே கவனமாக நடந்ததனால் குறைந்ததா என்று அந்த வகை ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும் விரல் வைத்து நாடி பார்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை என்பதால் அந்த ஐயம் நம்மை நிறுத்த வேண்டியதில்லை. அதே ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கை. நாடியைத் தொட்டுப் பார்க்கப் பழகாமல் மானிட்டரைப் படிக்கப் பழகியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஈசிஜி என்பது இதயத்தில் ஓடும் மின்சாரத்தின் படம் மட்டுமே. இதயம் ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதற்கு அது சான்று அல்ல. இதயம் சுருங்குவதை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் திரையில் அழகான கோடுகள் ஓடிக்கொண்டிருக்கலாம். தொடையின் உட்புறத் தமனியில் நாடி தெளிவாகக் கிடைக்கும்; ஆனால் அறுவைத் துணி போர்த்திய பிறகு அந்த இடம் பெரும்பாலும் எட்டாது. அப்போது பின்னங்கால் பாதத்தின் மேற்புறத்திலும், நாயாக இருந்தால் நாக்கின் அடிப்பக்க நடுக்கோட்டிலும் நாடியைத் தேடலாம். எண்ணிக்கை மட்டும் போதாது. விரலுக்கடியில் அது நிறைந்து எழுகிறதா, நூல்போல் மெலிந்து ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். உணவுக்குழாயில் இறக்கி இதய ஒலியைக் கேட்கும் ஸ்டெதஸ்கோப் குழாய் ஒன்று உண்டு. விலை மலிவு, மின்சாரமும் வேண்டாம். துணி போர்த்திய நாயின் இதயத்தையும் மூச்சையும் ஒருசேரக் காதில் கொண்டுவந்து தருகிறது. இவ்வளவு இருந்தும் பல இடங்களில் அது ஏன் அலமாரியிலேயே கிடக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்தது மூச்சு. இதில் என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், அப்போது நான் வேலை பார்த்த மருத்துவமனையில், கருப்பையில் சீழ் கட்டிய ஒரு வயதான ஸ்பிட்ஸ் நாய்க்கு அறுவை செய்துகொண்டிருந்தேன். இரண்டாவது சூலகத்தின் அடியைக் கட்டும்போது நாயின் உடல் லேசாக உதறியது. வாய் திறந்து கழுத்து பின்னால் இழுத்தது. "டாக்டர், முழிச்சுக்குது" என்றார் அருகில் நின்றவர். "கொஞ்சம் ஏத்துங்க" என்றேன் நான், தலையை நிமிர்த்தாமலேயே. ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கூட்டப்பட்டது. அடுத்த உதறல் ஏழெட்டு விநாடிக்குப் பிறகு வந்தது, அதற்கடுத்தது இன்னும் தாமதமாக. ஈசிஜி கோடு ஓடிக்கொண்டே இருந்தது. வெட்டுவாயில் கசிந்த ரத்தம் கறுத்துப்போயிருந்ததை நான் கவனித்தபோதுதான் தொடையில் கை வைக்கச் சொன்னேன். நாடி இல்லை. அது விழித்தெழும் மூச்சாக இருக்கவில்லை; இதயம் நின்ற உடல் கடைசியாக இழுக்கும் வெற்று மூச்சு. அந்த நாய் பிழைக்கவில்லை. கூட்டச் சொன்னது நான்தான். அருகில் நின்றவர் மீது குற்றம் இல்லை.

ஆகவே ஒரு விதியை மட்டும் நிபந்தனையின்றிச் சொல்வேன்: விலங்கு அசைந்தால், இழுத்து மூச்சு வாங்கினால், வேப்பரைசரில் (மயக்க வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கை வைப்பதற்கு முன் நாடியில் கை வையுங்கள். உண்மையில் விழித்துக்கொள்ளும் நாய்க்கு நாடி வேகமாகவும் வலுவாகவும் இருக்கும், தாடை இறுகும், இமையோரத்தைத் தொட்டால் கண் சிமிட்டும். இறந்துகொண்டிருக்கும் நாய்க்கு இவற்றில் ஒன்றும் இருக்காது. கண்மணி விரிந்து, தாடை தொளதொளத்து, ஈறு வெளிறியோ நீலம் பாரித்தோ இருக்கும். இரண்டையும் பிரித்தறிய மூன்று விநாடி போதும். நாடி இல்லை என்று தெரிந்த கணத்தில் வேப்பரைசரை மூடிவிட்டு, உரக்கச் சொல்லிவிட்டு, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், சுமார் 10 மூச்சுகள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துபவர் மாறிக்கொள்ள வேண்டும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட நடைமுறை.

மூச்சை எண்ணுவது எளிது. அந்த மூச்சு போதுமானதா என்று அறிவதுதான் கடினம். மார்பு அசைந்தும் காற்று போகாமல் இருக்கலாம். மூச்சுக்குழாயில் இறக்கிய டியூப் மடங்கியிருக்கலாம், சளி அடைத்திருக்கலாம். ஆகவே டியூபோடு இணைந்த மூச்சுப் பையைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அது சுருங்கி விரிய வேண்டும். இந்த இடத்தில்தான் காப்னோகிராஃபுக்கு ஈடு இணை இல்லை. ஒரே ஒரு கருவி வாங்கலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். வெளிவிடும் மூச்சின் முடிவில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அது அளக்கிறது. விழித்திருக்கும் நாயில் ஏறத்தாழ 35 முதல் 45 வரை (பாதரச மில்லிமீட்டரில்) இருக்கும். தானாக மூச்சுவிடும் மயக்க நிலையில் 50, 55 வரை போவதைப் பெரும்பாலானோர் பொறுத்துக்கொள்வார்கள். 60-ஐத் தாண்டினால் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் கட்டாயம் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், திடீர் வீழ்ச்சி. 40-இல் இருந்தது நான்கைந்து மூச்சுக்குள் 15-க்கு இறங்கினால், டியூப் கழன்றிருக்கலாம் அல்லது இதயம் தள்ளும் ரத்தம் குறைந்துபோயிருக்கலாம். நுரையீரலுக்கு ரத்தம் வந்தால்தான் வெளியேற்றுவதற்குக் கார்பன் டை ஆக்சைடு அங்கே இருக்கும். என் ஸ்பிட்ஸ் நாய்க்கு அன்று இந்தக் கருவி மாட்டியிருந்தால், உதறல் வருவதற்கு முன்பே கோடு சரிந்திருக்கும். இன்னொன்று: உள்ளிழுக்கும்போது அந்தக் கோடு பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் மேலேயே நின்றால் விட்ட மூச்சையே விலங்கு மீண்டும் இழுக்கிறது என்று பொருள். விட்ட மூச்சின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் தீர்ந்திருக்கலாம், வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், சோடா லைம் இல்லாத பெயின் சர்க்யூட் என்ற குழாய் அமைப்பாக இருந்தால் ஆக்ஸிஜன் ஓட்டம் போதாமல் இருக்கலாம்.

உங்களுக்குத் திட்டு வாங்கித் தந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு வருவோம். ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அயோயாகி 1970-களில் கண்ட இந்தக் கொள்கை மனித மருத்துவத்தையே மாற்றியது. ஆயினும் அது மனித விரலுக்காக வடிவமைக்கப்பட்டது. மயிரும் நிறமியும் உள்ள தோலில் அது தடுமாறும். எனவேதான் நாக்கில் மாட்டுகிறோம். பத்து, பதினைந்து நிமிடத்தில் கிளிப்பின் அழுத்தத்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, நாக்கும் உலர்ந்து, 97 என்று இருந்தது 88 என்று காட்டத் தொடங்கும். அப்போது செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். ஈறின் நிறத்தைப் பாருங்கள், நாடியைத் தொடுங்கள், கருவி காட்டும் இதயத் துடிப்பு நீங்கள் எண்ணியதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், பொருந்தாவிட்டால் அந்த ஆக்ஸிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். நாக்கை ஈரப் பஞ்சால் நனைத்துக் கிளிப்பை வேறு இடத்தில் மாட்டுங்கள். இத்தனைக்கும் அரை நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகும் எண் 95-க்குக் கீழே நின்றால் சொல்லுங்கள். 90-க்குக் கீழே என்றால் அது அவசரம். ஈறு நீலமாகவோ நாடி மெலிந்தோ இருந்தால் கிளிப்பைத் தொடவே வேண்டாம், உடனே சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. அதைப் பலர் அறிவதில்லை. தூய ஆக்ஸிஜன் பெற்றுக்கொண்டிருக்கும் விலங்கில் 98 என்ற எண் நல்ல மூச்சுக்குச் சான்று அல்ல. ரத்தத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம் 500 ஆனாலும் 120 ஆனாலும் திரையில் தெரிவது ஏறக்குறைய அதே 98, 99-தான். மூச்சு நிமிடத்துக்கு மூன்றாகக் குறைந்து கார்பன் டை ஆக்சைடு 80-ஐத் தாண்டியிருக்கும் நாய்கூட இந்தக் கருவியில் நெடுநேரம் நலமாகவே தெரியும். ஆக்ஸிஜன் இல்லாமல் வெறும் காற்றில் மூச்சுவிடும் விலங்கில் நிலைமை வேறு. அங்கே எண் சீக்கிரம் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கேட்டமின் என்ற மயக்க மருந்தும் சைலசின் என்ற தணிப்பு மருந்தும் ஊசியாகப் போட்டு, டியூப் இல்லாமல் வரிசையாகக் கருத்தடை செய்யும் முகாம்களில் வேலை செய்பவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரத்த அழுத்தத்தில் சராசரி அழுத்தம் 60-க்குக் கீழே இறங்கக் கூடாது, மேல் அழுத்தம் 80, 90-க்குக் கீழே போகக் கூடாது என்பதைப் பொதுவான எல்லையாக வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் ரத்தம் போய்ச் சேர வேண்டும் என்பதே இதன் காரணம். எல்லை எண்ணைவிட, அளப்பதற்குச் சுற்றும் பட்டையின் (கஃப்) அளவில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கஃபின் அகலம் அது சுற்றும் இடத்தின் சுற்றளவில் ஏறத்தாழ 40 சதவீதம் இருக்க வேண்டும். குறுகலான பட்டை பொய்யாக உயர்த்திக் காட்டும், அகலமான பட்டை பொய்யாகத் தாழ்த்திக் காட்டும். இரண்டு கிலோ பூனைக்குட்டிக்கு லாப்ரடாரின் கஃபைச் சுற்றி, வந்த எண்ணைப் பார்த்துப் பயந்த கதை எல்லா மருத்துவமனையிலும் இருக்கும். தானியங்கிக் கருவிகள் மிகச் சிறிய விலங்குகளிலும், இதயம் மெதுவாகத் துடிக்கும்போதும் அடிக்கடி தோற்றுப்போகும். அங்கே ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க வைக்கும் டாப்ளர் கருவி மேல். பூனையில் டாப்ளர் காட்டும் எண் உண்மையான மேல் அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கும் என்பது தெரிந்ததே. எவ்வளவு கூட்டிக்கொள்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. நான் கூட்டிக்கொள்வதில்லை, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

மயக்கத்தின் ஆழத்தைக் கண் சொல்லும் என்று எல்லாரும் கற்பிப்பார்கள். ஐசோஃப்ளூரேன் போன்ற வாயு மயக்கத்தில் அது பெரும்பாலும் சரி. அறுவைக்கு ஏற்ற ஆழத்தில் கண்விழி கீழ்நோக்கி உட்புறமாகச் சுழன்று வெள்ளை தெரியும். இமை அனிச்சை இருக்காது அல்லது மிகவும் மங்கும். தாடையில் சிறிது இறுக்கம் மட்டும் மிஞ்சும். விழி நடுவுக்கு வந்துவிட்டால் மயக்கம் தெளிகிறது என்றும் இருக்கலாம், ஆபத்தான ஆழத்துக்குப் போய்விட்டது என்றும் இருக்கலாம். ஒரே அறிகுறி எதிரெதிரான இரண்டு பொருள் தரும் இடம் இது. இமையையும் தாடையையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று விளங்கும். கேட்டமின் கொடுத்த விலங்கில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கண் திறந்து நடுவில் நிற்கும், இமை அனிச்சை இருக்கும், தாடையும் இறுகியிருக்கும், ஆனாலும் அறுவைக்குப் போதுமான மயக்கத்தில் இருக்கலாம். அங்கே வெட்டும்போதும் இழுக்கும்போதும் இதயத் துடிப்பும் மூச்சும் சட்டென்று உயர்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கருவிழியை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், புண்தான் மிஞ்சும். மயக்கத்தில் கண் உலர்ந்துபோகும் என்பதால் களிம்பு போட மறக்காதீர்கள். கேட்டமின் கொடுத்த பூனைக்கு இது இன்னும் அவசியம்.

இதயத் துடிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால் என்னால் ஒரே எண்ணைத் தர முடியாது. என்ன மருந்து கொடுத்திருக்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மயக்கத்தில் உள்ள பெரிய நாய்க்கு 60-க்குக் கீழும் பூனைக்கு 100-க்குக் கீழும் போனால் பொதுவாகச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் சைலசினோ அதே வகைத் தணிப்பு மருந்தான டெக்ஸ்மெடிடோமிடினோ கொடுத்திருந்தால், ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் உயர்வதால், இதயம் தானாகவே மெதுவாகத் துடிக்கும்; பெரிய நாயில் 45 என்பதுகூட, அழுத்தம் நன்றாக இருக்கும்வரை, எதிர்பார்த்ததே. அதே காரணத்தால் ஈறும் வெளிறித் தெரியும். இந்த நிலையில் அட்ரோபின் கொடுத்து இதயத்தை விரட்டுவது நல்லதா என்பதில் மருத்துவர்களிடையே வேறுபாடு உண்டு. அழுத்தம் உயர்ந்திருக்கும்போது கொடுக்காமல் இருப்பதே இன்று பெரும்பாலோர் வழக்கம். உங்கள் பங்குக்கு, அறுவை தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "இந்த நாய்க்கு எத்தனைக்குக் கீழே போனால் சொல்ல வேண்டும்?" ஒரு நொடியில் கிடைக்கும் அந்த விடையைக் குறிப்புத் தாளின் மேலே எழுதிவிடுங்கள். உங்கள் தயக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. எல்லையைச் சொன்னவர் அவரே என்பதால் கூப்பிட்டதற்காக அவர் சலித்துக்கொள்ள இடமில்லை.

உடல் வெப்பத்தை நம் ஊரில் யாரும் பொருட்படுத்துவதில்லை, வெளியே 38 டிகிரி வெயில் அடிக்கும்போது நாய்க்கு எங்கே குளிரப்போகிறது என்ற நினைப்பு. அறுவை அறையில் ஏசி ஓடுகிறது, மேசை எஃகு, வயிற்று மயிரை மழித்து ஸ்பிரிட்டால் துடைத்திருக்கிறோம். மயக்கம் தொடங்கிய முதல் அரை மணி நேரத்தில்தான் வெப்பம் வேகமாக இறங்குகிறது. உடலின் நடுவிலுள்ள சூடு கைகால்களுக்குப் பரவிவிடுவதே இதன் முக்கியக் காரணம். ஆகவே சூடு காப்பதை அறுவை முடிந்த பிறகு அல்ல, ஊசி போட்ட உடனேயே தொடங்க வேண்டும். மேசையில் தடித்த துணி, பாதங்களைச் சுற்றிப் பஞ்சோ குமிழித் தாளோ. 36 டிகிரிக்குக் கீழே போன விலங்கு மெதுவாகத்தான் விழிக்கும்; அதற்கு வேண்டிய மயக்க மருந்தும் குறையும் என்பதால், அதே அளவில் விட்டுவைத்தால் மயக்கம் ஆழமாகிவிடும். சுடுநீர் நிரப்பிய கையுறையை உடம்போடு ஒட்டி வைக்காதீர்கள். மயங்கிய நாய் சுடுகிறது என்று நகராது. தோல் வெந்திருப்பது பல நாள் கழித்துத்தான் தெரியும்.

கருவியையும் விலங்கின் ஒரு பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள். கசிவு இருக்கிறதா என்று சோதிப்பதற்காக, மிகுதி வாயுவை வெளியே விடும் பாப்-ஆஃப் வால்வை மூடிவிட்டுத் திறக்க மறந்துபோவது உலகெங்கும் விலங்குகளைக் கொன்றிருக்கிறது. பை பலூன்போல் உப்பும், மார்பில் அழுத்தம் ஏறும், இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். மானிட்டர் கூவுவதற்கு முன்பே உப்பிய பை கண்ணில் பட்டுவிடும். இரண்டாவது, பூனையைத் திருப்பிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும் டியூபை சர்க்யூட்டிலிருந்து கழற்றிவிட்டுத் திருப்புங்கள். டியூபைச் சுற்றியுள்ள காற்றுக் கஃப் உப்பியிருக்கும்போது முறுக்கினால் மூச்சுக்குழாய் கிழியும். பூனையின் வாயை அகலத் திறந்து வைக்கும் ஸ்பிரிங் கவ்விகளும் வேண்டாம். நீண்ட நேரம் அப்படி வைத்திருந்த பூனைகள் பார்வை இழந்ததற்குப் பதிவுகள் உள்ளன.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள் என்று சொல்வதைச் சிலர் அலுவலகக் காகித வேலையாக நினைக்கிறார்கள். தனி எண் எதையும் சொல்லாத இடத்தில் வரிசை சொல்லும். சராசரி அழுத்தம் 62 என்பது எல்லைக்கு மேலேதான். 84, 77, 70, 62 என்று இறங்கி வந்த 62 என்றால் அடுத்த ஐந்து நிமிடத்தை நாம் காத்திருந்து பார்க்கக் கூடாது. கூப்பிடும்போதும் இந்த வரிசையையே சொல்லுங்கள். "டாக்டர், பிபி குறையுது" என்பதைக் கேட்டால் நான் முதலில் கஃபைச் சந்தேகிப்பேன், ஒருவேளை சலித்தும்கொள்வேன். "டாக்டர், பதினைந்து நிமிடத்தில் 84-லிருந்து 62-க்கு வந்திருக்கிறது, கஃப் சரியாக இருக்கிறது, நாடி மெலிந்திருக்கிறது, ஐசோ இரண்டில் நிற்கிறது" என்று சொன்னால் என் கை தானாக நின்றுவிடும். நீங்கள் கருவியை ஏற்கெனவே சோதித்துவிட்டீர்கள் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடுகிறது. அப்படிச் சோதித்தும் பத்தில் ஏழு முறை ஒன்றுமில்லாமல் போகலாம். போகட்டும். அந்த ஏழு முறை சலிப்பைச் சகித்துக்கொள்ள வேண்டியது அறுவை செய்பவரின் கடமை. இதை நானும் பலரைச் சலிக்க வைத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

முன்பு சொன்ன ஆய்வின் அந்த இன்னொரு செய்தி இதுதான்: இறந்த நாய்களில் ஏறத்தாழ பாதியும், பூனைகளில் பாதிக்கும் மேலும், அறுவை முடிந்த பிறகே இறந்தன, அவற்றில் பெரும்பாலானவை முடிந்த மூன்று மணி நேரத்துக்குள். வாயுவை மூடி, மானிட்டரைக் கழற்றி, அடுத்த நாயை மேசைக்குக் கொண்டுவரும் அந்த நேரத்தில் பின்னறைக் கூண்டில் யாரும் பார்க்காமல் கிடக்கும் விலங்குதான் அது. பொதுவாக விழுங்கும் அனிச்சை திரும்பிய பிறகே நாயின் டியூபை எடுக்க வேண்டும். பூனைக்கு அவ்வளவு நேரம் காத்திருந்தால் குரல்வளை இறுகிக்கொள்ளக்கூடும் என்பதால், காது உதறி இமை துடிக்கும் கட்டத்திலேயே எடுத்துவிடுவது வழக்கம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களில் அவசரமே கூடாது. நெஞ்சில் படுக்க வைத்து, தலையை உயர்த்தி, டியூபை அது தானே மென்று துப்பப் பார்க்கும்வரை விட்டுவையுங்கள். எடுத்த பிறகும் பக்கத்திலேயே இருங்கள். அவற்றுக்கு மூச்சு அடைப்பது அந்த நேரத்தில்தான்.

உங்கள் மருத்துவமனையில் ஆள் போதாது என்றால், அந்தக் கூண்டை அறுவை அறையிலிருந்து கண்ணில் படும் இடத்துக்கு நகர்த்தக் கேளுங்கள். தலை நிமிர்த்தி நெஞ்சில் தானாகப் படுக்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈறையும் மூச்சையும், கால் மணிக்கு ஒருமுறை வெப்பத்தையும் பார்த்து, அறுவையின்போது எழுதிய அதே தாளில் தொடர்ந்து எழுதுங்கள். நாடி பிடிக்கப் பழக மயங்கிய நாய் வேண்டியதில்லை. நாளை காலை தடுப்பூசிக்கு வரும் நாய்களில், உரிமையாளர் தலையைப் பிடித்திருக்கும்போது, தொடையிலும் பின்னங்கால் பாதத்திலும் விரல் வைத்துப் பாருங்கள். பாதத்தில் கிடைப்பது முதலில் கடினமாகத்தான் இருக்கும். எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.